லண்டனில் ஒரே இடத்தில் கொடுத்துவிட்டு வந்தோம்; யாழ்ப்பாணத்தில் இவற்றை எங்கே கொண்டுபோவது?

படலையடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 32 ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஊருக்கு வந்து, வலிகாமத்தில் அம்மாவும் அப்பாவும் இருந்த வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வீடு 19 ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. கூரையையும் கிணற்றையும் மேசன் பார்த்துக்கொள்கிறார். எனக்குத் தலையிடியாக இருப்பது சாமான் அறை. நேற்றுக் காலை அதைத் திறந்து, உள்ளே இருந்தவற்றை எல்லாம் முற்றத்தில் பரப்பினேன். குழல் விளக்குகள் 11, பின்பக்கம் புடைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் 2, சண்டைக் காலத்தில் வானொலி கேட்பதற்கு வைத்திருந்த கார் பற்றரி 1, பெயின்ற் தகரங்கள் 6 (இரண்டில் இன்னும் பெயின்ற் தளம்புகிறது), எலி கடித்த இலவம்பஞ்சு மெத்தைகள் 3, ரயர்கள் 4, ஒரு பிஸ்கற் தகரம் நிறைய அப்பாவின் மருந்துகள், குசினிக் கூரையிலிருந்து இறக்கிய அஸ்பெஸ்ரஸ் தகடுகள் 14. போத்தல்களை நான் எண்ணவில்லை.

லண்டனில் இந்த வேலை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. சபையின் வீட்டுக் கழிவு மீள்சுழற்சி நிலையம் எங்கள் வீட்டிலிருந்து 15 நிமிட ஓட்டத்தில் இருந்தது. வாசலில் முகவரிச் சான்றைக் காட்டி, உயரத் தடுப்பின் கீழே காரை மெல்ல விட்டு, படியேறி, மரத்தையும் உலோகத்தையும் அட்டையையும் தோட்டக் கழிவையும் அதற்கதற்குரிய பெரிய கொள்கலன்களில் போட்டுவிட்டால், ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கைகழுவிவிடலாம். இங்கே மேசனிடம் கேட்டபோது, கிணற்றடிக்குப் பின்னால் ஒரு கிடங்கு வெட்டித் தாட்டுவிடுவோம், எரியக்கூடியதைக் கொளுத்திவிடுவோம், அதற்கும் மிஞ்சினால் இரவில் சந்திக்கு அப்பால் உள்ள வெறுங்காணியில் போட்டுவிடுவோம் என்று மிகுந்த ஆதரவோடு சொன்னார். அவர் சொன்ன மூன்றையும் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நம் மாவட்டத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய இடம் ஏதாவது உண்டா?

ஆனைக்கோட்டையான் எழுதியது:

வணக்கம் ஐயா. சுருக்கமான விடை: நீங்கள் சொல்வதுபோல எல்லாவற்றையும் ஒரே வாசலில் வாங்கிக்கொள்ளும் இடத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என்று 17 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. ஆகவே உங்கள் அயல் ஊர்க்காரர் சொல்லும் நாளும் நடைமுறையும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். முதலில் உங்கள் வீடு எந்தச் சபைக்குள் வருகிறது என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். எல்லையோர ஒழுங்கைகளில் பலருக்கு இதிலேயே குழப்பம் உண்டு. அதன்பின் சபைக்கு நேரில் போய், உக்கும் கழிவுக்கு எந்த நாள், உக்காத கழிவுக்கு எந்த நாள், கட்டட இடிபாடு எடுப்பார்களா, எடுத்தால் உழவு இயந்திரப் பெட்டி ஒன்றுக்கு என்ன கட்டணம் என்று கேட்டுவிட்டு வாருங்கள். தொலைபேசியில் கேட்டால் பாதிதான் விளங்கும்.

மேசன் சொன்ன கிடங்கை மட்டும் வெட்ட விடாதீர்கள். அதைப் பற்றிச் சுண்ணாம்புக்கல் மாஸ்ரர் எழுதுவார் என்று நினைக்கிறேன்.

சுண்ணாம்புக்கல் எழுதியது:

எழுதத்தான் வேண்டும். 27 ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன் இதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறுகூட மழைக்காலத்து விருந்தாளிதான். நாம் குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் காலுக்குக் கீழே உள்ள நீரையே. அந்த நீர் மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நிற்கிறது; அதற்கும் கீழே உவர்நீர் இருப்பதால், நன்னீர் ஒரு வில்லையைப் போல அதன்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் அந்த வில்லையை நிரப்புகிறது. மணற்பாங்கான தேசங்களில் மேலிருந்து இறங்கும் அழுக்கை மண் ஓரளவாவது வடித்துவிடும். வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே கல் வந்துவிடுகிறது. கல்லின் வெடிப்பு வடிதட்டுப் போலல்ல, குழாயைப் போல வேலை செய்கிறது. நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கும், கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியில் இறங்கியவர்களுக்கும், நிலத்துக்கடியில் நீர் எவ்வளவு தாராளமாக நடமாடுகிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே உங்கள் கிணற்றடிக்குப் பின்னால் தாட்ட பற்றரியின் ஈயம் உங்கள் வளவோடு நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். தோட்டத்து யூரியாவாலும் மலசலகூடக் குழிகளாலும் நம் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடியிருக்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை, அதைத் தாண்டிய தோட்டக் கிணறுகள் வலிகாமத்தில் இருக்கின்றன. சுன்னாகம் பகுதியில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்த காலத்தில், தண்ணீர்ப் பவுசருக்குப் பின்னால் வாளியோடு ஓடிய நாட்களை நாம் அதற்குள் மறந்துவிட முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாழ்கிணறு இருந்தால் அதைக் குப்பையால் தூர்ப்பது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே இருக்கிறது. நிலத்தடி நீருக்கு நேரே ஒரு வாயைத் திறந்து ஊட்டிவிடுவதற்குச் சமம் அது. தூர்ப்பதென்றால் கல்லாலும் சுத்தமான மண்ணாலும் தூருங்கள்.

வேலியோரம் எழுதியது:

படலையடி அண்ணா, இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். எனக்கு எதிர்ப்பக்கத்துச் சந்தேகம். மகள் இங்கிலாந்தில் புது வீடு வாங்கியிருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்க அடுத்த மாதம் போகிறேன், ஆறு மாதம் நிற்பேன். வீட்டைத் திருத்துகிறார்கள். நீங்கள் சொன்ன அந்த நிலையத்துக்குப் போன முதல் நாளே மருமகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை. புதிதாகப் போகிறவர்கள் எதைத் தெரிந்திருக்க வேண்டும்?

படலையடி எழுதியது:

திசைதிருப்பல் இல்லை, தங்கச்சி. உங்கள் மருமகனுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. நாங்கள் முதல் வீடு வாங்கிய ஆண்டில், பழைய கம்பளத்தை ஏற்ற ஒரு வான் வாடகைக்கு எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். வாசலில் நின்ற பணியாளர் கையை நீட்டி மறித்து, வானுக்கு முன்கூட்டியே அனுமதி எடுத்தீர்களா என்று கேட்டார். வான் என்றால் வியாபாரக் கழிவு என்று எண்ணிக்கொள்வார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது. நனைந்த கம்பளத்தோடு வீட்டுக்குத் திரும்பி, அதை மூன்றாக வெட்டி, நண்பரின் காரில் மூன்று தடவை கொண்டுபோனேன். நண்பர் அந்த மணத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்.

கவனிக்க வேண்டியவை என்று எனக்குப் படுபவற்றைச் சொல்கிறேன். நிலையம் அந்தச் சபைக்கு வரி கட்டும் குடியிருப்பாளருக்குரியது. ஆகவே சபை வரிப் பத்திரமோ முகவரி உள்ள சாரதி அனுமதிப்பத்திரமோ கையில் இருக்க வேண்டும். புதிதாகக் குடிவந்தவர்களிடம் பழைய முகவரி உள்ள அனுமதிப்பத்திரம் இருப்பதுதான் அநேகமாகச் சிக்கலாகிறது. கொரோனாக் காலத்தில் தொடங்கிய முன்பதிவு முறையைப் பல சபைகள் இன்றும் வைத்திருக்கின்றன. பதிவு செய்யாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். கறுப்புப் பையில் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிக்கொண்டு போனால், சில இடங்களில் அங்கேயே அவிழ்த்துத் தரம் பிரிக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே பிரித்து, கடைசியாக இறக்க வேண்டியதை முதலில் ஏற்றுவது நல்லது.

வீடு திருத்துவதால் இதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 31.12.2023 முதல், வீட்டுக்காரர் தாமே செய்யும் சிறிய திருத்த வேலையின் இடிபாடுகளுக்குச் சபைகள் கட்டணம் அறவிட முடியாது. அதற்கு அளவு உண்டு: ஒரு தடவைக்கு 50 லீற்றர் பைகள் 2, அல்லது 2 மீற்றர் நீளம், 75 சென்ரிமீற்றர் அகலம், 70 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேற்படாத ஒரு பொருள்; நான்கு வாரங்களில் நான்கு தடவை. கூலிக்கு ஆள் பிடித்துச் செய்த வேலையின் கழிவு இதற்குள் வராது. சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகையைக் கல்லோடும் மண்ணோடும் கலக்க விடமாட்டார்கள்.

மருமகனிடம் அவசியம் சொல்லுங்கள்: வீடு வீடாக வந்து, 50 பவுண் தாருங்கள், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறோம் என்று சொல்லும் வான்காரரை நம்பக்கூடாது. அவர் கழிவு ஏற்றுவதற்குப் பதிவு செய்தவரா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. அவர் அதை ஒரு வயல் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போய், உள்ளே உங்கள் பெயருள்ள கடிதம் அகப்பட்டால், வீட்டுக்காரருக்கு 600 பவுண் வரை தண்டம் வரலாம். மருந்துகளை எந்த மருந்துக் கடையிலும் திருப்பிக் கொடுக்கலாம். சிறிய பற்றரிகளுக்குப் பேரங்காடி வாசல்களிலேயே பெட்டி இருக்கும்.

மூன்றாம்மாடி எழுதியது:

சூரிச்சிலிருந்து எழுதுகிறேன். இங்கிலாந்து பரவாயில்லை, அண்ணா. இங்கே குப்பைக்கு நிறுத்துத்தான் பணம் கட்டாத குறை. சபை விற்கும் வரிப் பையில் போட்டால்தான் குப்பையை எடுப்பார்கள். அந்தப் பையின் விலையிலேயே அகற்றும் செலவு அடங்கியிருக்கிறது. சுவிற்சர்லாந்தில் இதை முதலில் தொடங்கியது சென் காலன் நகரம், 1975இல். சூரிச்சில் 1993இல் வந்தது. கள்ளப் பையில் போட்டுவிட்டு வந்தால், பையைத் திறந்து, உள்ளே இருக்கும் கடிதவுறையைப் பார்த்து, தண்டப் பத்திரத்தை வீட்டுக்கே அனுப்புவார்கள். வந்த புதிதில் நான் வாங்கிய முதல் அரசாங்கக் கடிதம் அதுதான். டொச் தெரியாததால் அதை வரவேற்புக் கடிதம் என்று நினைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தேன்.

கண்ணாடிப் போத்தலை நிறம் பிரித்துப் போட வேண்டும், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போடக்கூடாது, சத்தம் அயலவரைக் குழப்பும். காகிதத்தைப் பையில் திணிக்காமல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைக்க வேண்டும். மின்சாதனம் என்றால் அந்த வகைச் சாதனம் விற்கும் எந்தக் கடையிலும் திருப்பிக் கொடுக்கலாம், வாங்கும்போதே மீள்சுழற்சிக்கான கட்டணத்தை எடுத்துவிடுகிறார்கள். கார் இல்லாதவர்களுக்காக 2003இல் பழைய சாமான்களை ஏற்றும் ஒரு ட்ராம் வண்டிகூட ஓடத் தொடங்கியது. நல்லூர்த் தேரைப் பார்ப்பதுபோலக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம்.

அரசடி இளையவன் எழுதியது:

வெளிநாட்டுப் பெருமைகளைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மன்னிக்க வேண்டும், கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். மாநகர சபைகளுக்கான 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கான 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் குப்பை அகற்றுவதை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாகவே வைத்திருக்கின்றன. ஆதன வரி வாங்குகிறார்கள். அப்படியிருக்க, முற்றத்தில் பரப்பிய சாமான்களை ஒவ்வொருவரிடமும் சுமந்துகொண்டு திரிய வேண்டிய தலைவிதி நமக்கு ஏன்? ஒவ்வொரு சபையும் ஒரு காணியை ஒதுக்கி, வேலி அடைத்து, பத்துக் கொள்கலன்களை வைத்து, ஒரு காவலாளியை நிறுத்தினால் இந்த இழையே தேவைப்படாது.

எங்கள் பகுதியில் இரண்டு மாதங்களுக்கு முன், நான் பச்சைப் பையிலும் செம்மஞ்சள் பையிலும் வேறுவேறாகக் கட்டிக் கொடுத்த குப்பையை, என் கண் முன்னாலேயே ஒரே பெட்டிக்குள் எறிந்துகொண்டு போனார்கள். அன்றோடு பிரிப்பதை விட்டுவிட்டேன்.

குப்பைமேனி எழுதியது:

இளையவன் தம்பிக்கு வந்த கோபம் நியாயமானது. நான் ஓர் உள்ளூராட்சி மன்றத்தில் சுகாதாரத் தொழிலாளர்களின் மேற்பார்வையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். அந்தப் பெட்டிக்குள் எறிந்தவர்களின் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிட்டு, பிறகு படலையடி ஐயாவின் சாமான்களுக்கு வருகிறேன்.

ஓர் ஒழுங்கையில் 40 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துக் கொடுப்பவர்கள் நான்கு வீட்டார். மற்ற 36 வீட்டுப் பைகளிலும் மீன் செதிலும் குழந்தைகளின் பம்பஸும் பிளாஸ்ரிக்கும் ஒன்றாகக் கிடக்கும். பெட்டி ஒன்றுதான். நான்கு வீட்டின் சுத்தமான பையைத் தனியே வைக்க இடமில்லாதபோது, அது அந்தக் கலவையோடுதான் போகும். இது சரி என்று நான் சொல்லவில்லை. பிரித்து எடுக்கும் நாளும் பிரித்து ஏற்றும் பெட்டியும் இல்லாமல், கொள்கலன் வைத்த காணியை மட்டும் திறந்தால், மூன்று மாதத்தில் அது இன்னொரு குப்பைமேடாகிவிடும் என்றுதான் சொல்கிறேன். கொழும்பில் மீதொட்டமுல்ல குப்பைமேடு 14.04.2017 அன்று, வருடப்பிறப்பு நாளில், சரிந்து 30க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது நினைவிருக்கும். நமக்குக் கல்லுண்டாய் வெளியின் குப்பைமேடு இருக்கிறது. அந்த வீதியால் போகிறவர்களுக்கு அதைப் பற்றி நான் எதுவும் எழுதத் தேவையில்லை.

இனிக் கையைப் பற்றி. எங்கள் தொழிலாளி ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல், பையின் கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்கினார். கழுத்து கிழியும் என்று அவருக்குத் தெரியும். உள்ளே யாரோ உடைத்துப் போட்ட குழல் விளக்கு இருந்தது. உள்ளங்கையில் பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை திறந்துவிட்டது. அந்தக் கையால் அவர் பிறகு விளக்குமாற்றை இறுக்கிப் பிடிக்கவில்லை. கண்ணாடியைப் பழைய பத்திரிகையில் சுற்றி, யூரியாப் பையில் போட்டு, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதுங்கள் என்று நான் எல்லோரையும் கெஞ்சுவது அதனால்தான்.

ஐயா, உங்கள் சாமான்களுக்கு வருவோம்.

பற்றரியை முதலில் அப்புறப்படுத்துங்கள். அது குப்பையல்ல, பணம். புதுப் பற்றரி விற்கும் கடைகள் பழையதை ஈயத்துக்காக விலைக்கு எடுக்கும். நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோங்கள், அமிலம் காலில் படக்கூடாது. இரும்பு, பித்தளை, அலுமினியம், போத்தல், பத்திரிகை எல்லாவற்றுக்கும் பழைய சாமான் எடுப்பவர் இருக்கிறார். அவர் தராசோடு உங்கள் படலைக்கே வருவார். சாராயப் போத்தலுக்கும் சோடாப் போத்தலுக்கும் தனி விலை. ஜாம் போத்தலைச் சும்மா தந்தாலும் யோசித்துத்தான் வாங்குவார். பொருளாதாரத் தடைக் காலத்தில் அதே ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த தலைமுறை நாங்கள் என்பதால், அதை எறிய எனக்கு இன்றும் கை கூசும்.

தொலைக்காட்சிப் பெட்டியை அவரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பின்பக்கத்துச் செப்புக் கம்பிச் சுருளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஈயம் கலந்த கண்ணாடியை எங்கேயாவது மதவடியில் போட்டுவிடுவார்கள். அவர்களிடம் கண்ணாடிக்கு விலையில்லை. மின்சாதனங்களை உடைக்காமல் முழுதாக ஒரு மூலையில் வைத்திருங்கள். இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் நாட்களைச் சபைகளும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் இடையிடையே அறிவிக்கும். சபையில் உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். குழல் விளக்குகளில் பாதரசம் இருக்கிறது, அவற்றையும் அதே நாளுக்கு வையுங்கள்.

பெயின்ற் தளம்பும் தகரங்களைத் திறந்து, மரத்தூளோ மணலோ கலந்து காய விடுங்கள். திரவமாக யாரும் எடுக்கமாட்டார்கள், கானுக்குள் ஊற்றவும் கூடாது. மருந்துகளை மலசலகூடத்தில் கொட்டாதீர்கள். தகட்டிலிருந்து பிரித்து, தேயிலைச் சக்கையோடும் சாம்பலோடும் குழைத்து, இறுகக் கட்டி உக்காத கழிவில் போடலாம். இலவம்பஞ்சை வீசாதீர்கள்: வெயிலில் போட்டு அடித்தால் எலி தொடாத பஞ்சு பாதிக்குமேல் தேறும், மெத்தை தைப்பவர் தேடி வருவார்.

ரயர்களை மழைக்கு முன் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். தண்ணீர் நின்று நுளம்பு பெருகினால், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடலாம். வழக்கைவிட டெங்குதான் பயம்.

எரிப்பதைப் பற்றி இரண்டு வரி. வேப்பஞ்சருகையும் மாஞ்சருகையும் கூட்டிக் கொளுத்துவது நம் விடியற்கால வழக்கம். அந்தக் கும்பிக்குள் ஒரு சொப்பிங் பையும் ஒரு பம்பஸும் போய்விடுவதுதான் இப்போதைய பிரச்சினை. பிளாஸ்ரிக் உட்படக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 செப்ரெம்பரில் தடைசெய்யப்பட்டது. 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனும் சோறு கட்டும் லஞ் சீற்றும் றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் அதே நாளில்தான் தடைக்கு வந்தன. 01.10.2023இலிருந்து பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டுக்கும் தடை. ஆனால் பழையது எந்தக் குசினியில் இல்லை, சொல்லுங்கள்.

ஆனைக்கோட்டையான் எழுதியது:

குப்பை பிரிக்கும் நிறங்களை யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதிவிடுகிறேன்: உக்கும் கழிவுக்குப் பச்சை, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்கும் பொலித்தீனுக்கும் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கும் சிரட்டைக்கும் மண்ணிறம். சிரட்டைக்கு என்று ஒரு நிறம் ஒதுக்கிய நாடு நம் நாடு என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

பூட்டிக் கிடந்த வளவு என்பதால் ஓர் எச்சரிக்கை. கோடிப்பக்கத்தைத் துப்புரவாக்கும்போது, என்ன என்று தெரியாத இரும்புத் துண்டு மண்ணுக்குள் தென்பட்டால், அது சண்டைக் காலத்து வெடிபொருளாக இருக்கலாம் என்பதால், மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு விலகி, பொலிசாருக்கு அறிவியுங்கள். பழைய இரும்பு என்று தராசில் ஏற்றப் போய்க் கையை இழந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

படலையடி எழுதியது:

குப்பைமேனி ஐயா, நீங்கள் எழுதியதை அச்செடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள்: அஸ்பெஸ்ரஸ். இங்கிலாந்தில் 1999இல் முற்றாகத் தடை வந்துவிட்டது. சில நிலையங்களில் மட்டும், முன்பதிவு செய்து, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோனால் ஒரு குறிப்பிட்ட அளவை வாங்குவார்கள். இங்கே மேசன் அதைச் சுத்தியலால் தட்டி, பாதைப் பள்ளத்துக்குப் போடலாம் என்கிறார்.

சுண்ணாம்புக்கல் எழுதியது:

தட்ட விடவே விடாதீர்கள். தகடு முழுதாக இருக்கும்வரை ஆபத்து குறைவு; அறுத்தாலும் உடைத்தாலும் தேய்த்தாலும் எழும் நுண்ணிய இழைகள்தான் நுரையீரலில் போய் இருந்துகொண்டு, பல பத்து ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படுகின்றன. தண்ணீர் தெளித்து நனைத்தபடி, முழுத் தகடாகத் தூக்கி அடுக்குங்கள்.

நம் நாட்டில் இதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் முடிவு ஒன்று இருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பெட்டியில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்ரஸ் அங்கிருந்துதான் பெருமளவில் வருகிறது. கட்டுப்பாடு கைவிடப்பட்டது, தேயிலையும் திரும்பக் கப்பலேறியது. ஒரு வண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் படிப்பிப்பதற்கு எனக்கு அந்த ஆண்டு வகுப்பில்லாமல் போனது கவலைதான்.

குப்பைமேனி எழுதியது:

மாஸ்ரர் சொன்னதோடு உடன்படுகிறேன். இதை எங்கள் வண்டியில் ஏற்றச் சொல்லி நான் ஒருபோதும் கேட்கமாட்டேன்; கீழே நிற்பவர் முகமூடி இல்லாமல்தான் நிற்பார். உடையாத தகடுகளை விறகுக் கொட்டிலுக்கோ ஆட்டுக் கொட்டிலுக்கோ துளையிடாமல் பாரம் வைத்துக் கூரையாகப் போட்டால் போதும். உடைந்ததைச் சுற்றி, ஒட்டி, மேலே பெயரெழுதி, மழை படாத இடத்தில் வையுங்கள். முற்றத்திலிருந்து கண் மறைவாவது மட்டும் ‘அகற்றல்’ ஆகிவிடாது, ஐயா.

அரசடி இளையவன் எழுதியது:

நான் பிரிப்பதை நிறுத்தியது மனைவிக்குப் பிடிக்கவில்லை. உக்கும் கழிவு ஒன்றையும் படலைக்கு வெளியே விடாமல், வாழையடியில் இரண்டு கிடங்கு வெட்டி மாறி மாறிப் போடுகிறார். தேங்காய்த் தும்பும் பலாச் சக்கையும் உட்பட எல்லாம் அதற்குள் போகிறது. எங்கள் பையின் பாரம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. பழைய ஓலையைத் தோட்டத்தில் தாட்டுப் பசளையாக்கியவர்களின் பேத்திக்கு நான் சட்டப் புத்தகம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனாலும் காணியும் கொள்கலனும் வேண்டும் என்ற என் வாதத்தை நான் விடவில்லை. பிரித்து ஏற்றும் பெட்டியையும் அதோடு சேர்த்துக் கேட்கிறேன். வரும் சபைக் கூட்டத்துக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து மனு எழுதுகிறோம். குப்பைமேனி ஐயா ஒருமுறை வாசித்துத் திருத்தித் தர முடியுமா?

குப்பைமேனி எழுதியது:

அனுப்புங்கள் தம்பி. கொள்கலன்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கையுறையைச் சேர்த்து எழுதுங்கள்.

படலையடி எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

பற்றரி போய்விட்டது. பழைய சாமான் எடுப்பவர் இரண்டு தடவை வந்தார். இரண்டாம் தடவை மகனையும் கூட்டிவந்து, போத்தல்களை 117 என்று எண்ணிச் சொன்னார். இரும்புக்குள் போட்டிருந்த சைக்கிள் டைனமோவைத் தனியே எடுத்து, விரலால் சுற்றிப் பார்த்து, இது வேண்டாமா என்று கேட்டார். 1991இல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் மிதியைச் சுற்ற, அப்பா அந்த மின்சாரத்தில்தான் வானொலியில் செய்தி கேட்டார். வேண்டும் என்று வாங்கி உள்ளே வைத்தேன். மெத்தையில் இரண்டு தேறின. மருந்தும் பெயின்ற்றும் நீங்கள் சொன்னபடியே. கல்லும் மண்ணும் சபையின் உழவு இயந்திரப் பெட்டியில் இரண்டு தடவையாகப் போயின, கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டும் தந்தார்கள். குழல் விளக்குகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் இன்னும் சாமான் அறையில்தான் இருக்கின்றன. பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். தகடுகளில் ஒன்பது விறகுக் கொட்டிலுக்குக் கூரையாகிவிட்டன, ஐந்தைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

வேலியோரம் தங்கச்சி, போய்ச் சேர்ந்தீர்களா? மருமகனுக்கு வரிப் பத்திரம் வந்துவிட்டதா?

வேலியோரம் எழுதியது:

வந்துவிட்டது அண்ணா. நேற்று நானும் கூடப் போனேன். வாசலில் மீள்பாவனைக் கடை ஒன்று இருக்கிறது, மூன்று பவுணுக்கு ஒரு கல் உரல் வாங்கினேன். ஊருக்கு வரும்போது எப்படிக் கொண்டுவருவது என்று மகள் கேட்கிறாள்.

குப்பைமேனி எழுதியது:

படலையடி ஐயா, எல்லாம் எழுதினீர்கள், ரயர்களைப் பற்றி எழுதவில்லை. புரட்டாசி முடியப் போகிறது.

படலையடி எழுதியது:

ஒவ்வொன்றிலும் நான்கு துளை போட்டாகிவிட்டது. மூன்றில் மண் நிரப்பிக் கத்தரி நட்டிருக்கிறேன். ஒன்றை இளையவன் தம்பி கேட்டார், மகனுக்கு ஊஞ்சல் கட்டுவதற்கு. சனிக்கிழமை வாருங்கள் தம்பி. படலையில் தட்டிவிட்டு வெளியே நில்லுங்கள், நாய் அவிழ்த்துவிட்டிருக்கும்.